சீமஸ் பிழையில்லாமல் கம்பைல் ஆனது, எம்பி3 மட்டும் வரவில்லை: எங்கே பார்ப்பது?

மோல்மீனிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், அதில் டெபியன் 12. டெர்மினலிலேயே ஓடும் சீமஸ் பிளேயரை முதலில் டெபியன் தரும் பேக்கேஜாகப் போட்டீர்கள். எம்பி3 பாடியது, ஆனால் தமிழ்ப் பாட்டுகளின் பெயர் பாதிக்கு மேல் குப்பை எழுத்தாகத் தெரிந்தது. புதிய பதிப்பில் சரியாகியிருக்கும் என்று நினைத்து, பேக்கேஜை நீக்கிவிட்டு சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நீங்களே கம்பைல் செய்து கட்டினீர்கள். கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் மூன்றும் பிழை காட்டாமல் முடிந்தன. இப்போது யுஎஸ்பி டிஸ்கைச் சேர்த்தால் ஃபிளாக் கோப்புகள் மட்டும் பட்டியலில் வருகின்றன. எம்பி3 ஒன்றுகூட வரவில்லை. சில நேரம் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே பிளேயர் விழுந்துவிடுகிறது, அதன்பின் டெர்மினலில் எதை அடித்தாலும் தெரிவதில்லை. மறுபடி கம்பைல் செய்வதா, வேறு பிளேயருக்கு மாறுவதா என்பது உங்கள் கேள்வி.

உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று. எம்பி3 வராதது ஒன்று, பெயர் குப்பையானது ஒன்று, பிளேயர் விழுவது ஒன்று. ஒன்றுக்கொன்று அநேகமாகத் தொடர்பே இல்லை. மூன்றையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி அழித்துப் போடுவதால்தான் நேரம் போகிறது. ரங்கூனில் சிறிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பழுது பார்ப்பது என் தொழில், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முதல் சிக்கலுக்குக் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம். இரண்டாவதற்கு வாய்ப்புள்ள காரணங்கள் சில உண்டு, பார்த்தவுடன் எது என்று நீங்களே சொல்லிவிடலாம். மூன்றாவதை உங்கள் கணினியைப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காரணத்தை அந்தக் கணினியையே சொல்ல வைக்க வழி இருக்கிறது. பிளேயரை மாற்ற வேண்டாம். கம்பைல் இன்னும் ஒரு தடவை செய்யத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

எம்பி3யிலிருந்து தொடங்குகிறேன். சீமஸ் என்பது ஒரே கட்டையான நிரல் இல்லை. திரை, பட்டியல், கட்டளை எல்லாம் மைய நிரலில் இருக்கும். எம்பி3, ஃபிளாக், வோர்பிஸ், ஓபஸ் என்று ஒவ்வொரு வகைக் கோப்பையும் படிக்கத் தனித்தனி ப்ளகின்; ஒலியை வெளியே அனுப்பவும் ஆல்சா, பல்ஸ் என்று தனித்தனி ப்ளகின். இந்த ப்ளகின்களை மைய நிரல் ஓடும்போதுதான் ஏற்றிக்கொள்ளும். எம்பி3க்கு உரியதன் பெயர் மேட். அது லிப்மேட் என்ற லைப்ரரியை நம்பி இருக்கிறது. நீங்கள் கன்ஃபிகரை ஓட்டும்போது அது உங்கள் கணினியில் என்னென்ன லைப்ரரிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடும். இருந்தால் அந்த ப்ளகினைக் கட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு வரியில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதைப் பிழையாக எண்ணாது, நிற்கவும் நிற்காது. அதனால் மேக் முடிவது கிடைத்தவற்றை வைத்து ஒழுங்காகக் கட்டி முடித்தது என்பதற்கு மட்டுமே சான்று. எல்லாம் கட்டப்பட்டது என்பதற்குச் சான்று ஆகாது.

'ஆனால் லிப்மேட் என் கணினியில் இருக்கிறதே' என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். பழைய பேக்கேஜோடு வந்த லைப்ரரி ஓட்டுவதற்கு மட்டும் போதும். கட்டுவதற்கு, லைப்ரரியில் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள் வேண்டும். டெபியனில் அவை பெயரின் கடைசியில் 'டெவ்' என்று வரும் தனிப் பேக்கேஜில் இருக்கும். ஃபிளாக்கின் டெவ் பேக்கேஜ் வேறு எதற்காகவோ முன்பே ஏறியிருக்கும், லிப்மேட்டின் டெவ் ஏறியிருக்காது. ஃபிளாக் வந்து எம்பி3 வராததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடயமும் இதையே காட்டுகிறது. சீமஸ் ஒரு கோப்பைச் சேர்க்கும்போது அதன் நீட்டிப்பைப் பார்த்து, அதைப் படிக்கும் ப்ளகின் இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் சத்தம் போடாமல் தாண்டிவிடும். பட்டியலிலேயே வராதது ப்ளகின் இல்லாததன் அடையாளம். பட்டியலில் வந்து, என்டர் அடித்தும் பாடாவிட்டால்தான் கோப்பையோ ஒலி வெளியீட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

உறுதி செய்துகொள்வது எளிது. சீமஸை 'ப்ளகின்ஸ்' என்ற நீண்ட ஆப்ஷனோடு, அதாவது முன்னால் இரண்டு கோடு போட்டு ஓட்டுங்கள். திரைக்குள் போகாமல், எந்த ப்ளகின்கள் ஏறின, ஒவ்வொன்றும் எந்த நீட்டிப்புகளைப் படிக்கும், எந்த ஒலி வெளியீடுகள் இருக்கின்றன என்று அச்சிட்டுவிட்டு வெளியே வந்துவிடும். அதில் மேட் இல்லையென்றால் கதை முடிந்தது. நான் யாருக்குப் பழுது பார்த்தாலும் முதலில் கேட்பது இந்த வெளியீட்டைத்தான். மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் இது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சோர்ஸிலிருந்து போட்டது இயல்பாக யுஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் போகும். டெபியன் பேக்கேஜ் யுஎஸ்ஆர் அடைவுக்குள் நேராகப் போகும். பேக்கேஜை நீக்கிவிட்டேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் 'டைப்' கட்டளைக்கு சிறிய ஏ ஆப்ஷன் கொடுத்து, சீமஸ் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு இடம் காட்டினால், நீங்கள் கட்டுவது ஒன்று, ஓட்டுவது வேறொன்று என்று ஆகிவிடும். என்ன மாற்றினாலும் எதுவும் மாறாததுபோல் தோன்றும் பல புகார்களுக்கு இதுதான் காரணம். பழைய பதிப்பின் ப்ளகின் கோப்புகள் அடைவில் தங்கிவிட்டாலும் தொல்லை. மைய நிரல் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி அவற்றை ஏற்ற மறுக்கும்.

சரிசெய்யும் வழி இதுதான். லிப்மேட், டெர்மினல் திரையை வரையும் என்கர்சஸ், ஆல்சா, பல்ஸ், வோர்பிஸ், ஓபஸ்ஃபைல், ஃபிளாக் இவற்றின் டெவ் பேக்கேஜ்களையும் பேக்கேஜ்-கன்ஃபிக் கருவியையும் ஏற்றுங்கள். டெபியனின் சோர்ஸ் வரிகளைத் திறந்து வைத்திருந்தால் 'ஆப்ட் பில்ட்-டெப்' என்ற ஒரே கட்டளை எல்லாவற்றையும் இழுத்துவரும், ஆனால் அது பல வகை ஒலி, படக் கோப்புகளைப் படிக்கும் எஃப்எஃப்எம்பெக் லைப்ரரிக் கூட்டத்தையும் சேர்த்து இழுக்கும். மொபைல் டேட்டாவில் இறக்குபவருக்கு அது வீண் செலவு. உங்கள் டிஸ்கில் எம்4ஏ கோப்புகள் நிறைய இருந்தால் மட்டும் எஃப்எஃப்எம்பெக் பற்றி யோசியுங்கள். பிறகு கன்ஃபிகரை ஓட்டும்போது கான்ஃபிக்_மேட் என்ற மாறிக்கு 'ஒய்' என்று மதிப்புக் கொடுங்கள். உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய ஒலி வெளியீட்டுக்கும் அப்படியே. இந்த ஒற்றை எழுத்து பெரிய வேலை செய்கிறது. மதிப்புக் கொடுக்காவிட்டால் 'கிடைத்தால் பார்க்கலாம்' என்று கன்ஃபிகர் எடுத்துக்கொள்ளும். 'ஒய்' கொடுத்தால், லைப்ரரி கிடைக்காதபோது அங்கேயே நின்று முகத்துக்கு நேராகச் சொல்லும். ஓசையில்லாமல் விடுபட்டது இனி ஓசையோடு நிற்கும். எஃப்எஃப்எம்பெக் வேண்டாமென்றால் அதன் மாறிக்கு 'என்'.

எஃப்எஃப்எம்பெக் பேச்சு வந்ததால் ஒன்று. பின்னால் டெபியனைப் புதுப்பித்த பிறகு பழைய சீமஸ் சோர்ஸைக் கட்டப் போனால், 'சானல்ஸ் என்ற உறுப்பே இல்லை' என்ற வகைப் பிழை வரலாம். எஃப்எஃப்எம்பெக் 2022இல் வந்த 5.1 பதிப்பில் ஒலித்தடங்களைக் குறிக்கப் புதிய முறையைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் வந்த 7.0இல் பழைய முறையை அடியோடு நீக்கிவிட்டது. பழைய முறையில் எழுதப்பட்ட எந்த நிரலும் அதோடு சேர்ந்து கட்டுப்படாது. புதிய சீமஸ் சோர்ஸை எடுக்கலாம், அல்லது அந்த ப்ளகினை விட்டுவிடலாம். உங்கள் டெபியன் 12இல் இருப்பது 5.1, அதனால் இப்போது கவலையில்லை.

ஒலி வெளியீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு ஃபிளாக் பாடுகிறது, அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் தவிருங்கள்: எதுவும் சரிவராதபோது சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியாக, சீமஸை ஓட்டுவது. பல்ஸும் பைப்வயரும் உங்கள் பயனர் கணக்கின் கீழ் ஓடும் ஒலிச் சேவைகள். ரூட்டாகப் போய்க் கதவைத் தட்டினால் பெரும்பாலும் திறக்காது. அதைவிட மோசமாக, சூடோ உங்கள் ஹோம் அடைவை மாற்றாமல் விட்டால், உங்கள் அமைப்புக் கோப்புகள் ரூட் பெயரில் எழுதப்பட்டு, பிறகு சாதாரணமாக ஓட்டும்போது எழுத அனுமதி இல்லாமல் போகலாம்.

இனி பெயர்கள். நீங்கள் சோர்ஸுக்கு வந்ததே இதற்காக. ஆனால் கம்பைல் செய்வதால் இது மாறாது, டெபியன் பேக்கேஜிலேயே சரிசெய்திருக்கலாம். எம்பி3 கோப்பில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் ஐடி3 என்ற குறிப்புப் பகுதியில் இருக்கும். அந்தப் பகுதி தன் எழுத்துக் குறியீடு எது என்று ஒரு பைட்டில் சொல்ல வேண்டும். பழைய மென்பொருள் பலவும், பல வலைத்தளங்களும், உள்ளே யூனிகோடு எழுத்தைப் போட்டுவிட்டு மேலே லத்தீன்-1 என்று ஒட்டிவிட்டன. சீமஸ் ஒட்டியிருப்பதை நம்பிப் படிக்கிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன்-1இல் 224 என்பது தலையில் சாய்ந்த கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, 174 என்பது வட்டத்துக்குள் இருக்கும் ஆர், 175 என்பது மேலே கிடக்கும் ஒரு சிறு கோடு. உங்கள் திரையில் அந்த ஏயும் வட்ட ஆரும் மூன்று எழுத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உள்ளே இருப்பது நல்ல யூனிகோடு தமிழ், ஒட்டிய பெயர்தான் தப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அப்படியானால் சீமஸுக்குள் இருந்தே சரியாகிவிடும். ஐடி3_டிஃபால்ட்_சார்செட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பழைய ஐடி3 குறிப்புகளையும் பழுதான குறிப்புகளையும் எந்தக் குறியீடாக எடுத்துக்கொள்வது என்று அது சொல்கிறது. இயல்பு மதிப்பு லத்தீன்-1. அதை செட் கட்டளையால் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். ஆக்கிவிட்டுப் பார்த்தால் பெயர்கள் அப்படியேதான் இருக்கும், பயப்படாதீர்கள். சீமஸ் ஒரு தடவை படித்த குறிப்புகளைக் கேஷ் கோப்பில் சேமித்து வைத்திருக்கிறது, கோப்பு மாறாதவரை மறுபடி திறந்து பார்க்காது. அப்டேட்-கேஷ் கட்டளைக்கு சிறிய எஃப் ஆப்ஷன் கொடுத்தால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கும். பலர் அமைப்பைச் சரியாக மாற்றியும், இந்த இரண்டாவது படி தெரியாமல், 'வேலை செய்யவில்லை' என்று கைவிட்டுவிடுகிறார்கள். இந்த அமைப்பு மேட் ப்ளகின் படிக்கும் கோப்புக்குத்தான் உதவும் என்பதையும் மனதில் வையுங்கள். எம்பி3யை எஃப்எஃப்எம்பெக் ப்ளகினுக்கு விட்டால் குறிப்புகளை அது தன் போக்கில் படித்துக்கொள்ளும்.

வேறு வகைக் குப்பையும் இருக்கலாம். அந்த 224 வரிசை தெரியாமல், கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கலந்து கட்டியாகத் தெரிந்தால், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் எழுதப்பட்ட பெயராக இருக்கக்கூடும். நல்ல செய்தி, டெபியனில் உள்ள, எழுத்துக் குறியீடு மாற்றும் ஐகான்வ் டிஸ்கியைப் படிக்கும். சீமஸும் குறியீடு மாற்ற ஐகான்வையே கூப்பிடுகிறது. ஆக மேலே சொன்ன அமைப்பில் டிஸ்கி என்று கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த அமைப்பு முழு நூலகத்துக்கும் ஒன்றே ஒன்று. டிஸ்கிக்கு வைத்தால், தப்பாக ஒட்டப்பட்ட யூனிகோடு பெயர்கள் கெடும். இரண்டு வகையும் கலந்த டிஸ்க் என்றால் கோப்புகளையே திருத்துவதுதான் நிலையான வழி. மியூட்டஜன் பேக்கேஜோடு வரும் மிட்3ஐகான்வ் கருவி தப்பாக ஒட்டிய குறிப்புகளை யூனிகோடாக மாற்றி எழுதும். எழுதாமல் வெறும் ஒத்திகை பார்க்கவும் அதில் ஆப்ஷன் உண்டு. ஒத்திகை பார்க்காமல், நகல் எடுக்காமல் ஒரு கோப்பிலும் கை வைக்காதீர்கள். கோயில் திருவிழாவில் கேசட்டில் பதிந்து பிறகு கணினிக்கு மாற்றிய பாட்டுகள் உங்களிடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதெல்லாம் போனால் வேறு எங்கும் கிடைக்காது.

பர்மியப் பாட்டுகளும் அந்த டிஸ்கில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே சிக்கல் வேறு மாதிரி. நாடு 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறும்வரை இங்கே பெரும்பாலான ஃபோன்களிலும் கணினிகளிலும் ஜோஜி எழுத்துருதான் இருந்தது. ஜோஜி யூனிகோடின் அதே பர்மிய எண்களையே எடுத்து வேறு வரிசையில், வேறு பொருளில் பயன்படுத்தியது. அதனால் அந்தப் பெயர்கள் யூடிஎஃப்-8 கணக்குப்படி குற்றமற்றவை. எந்தக் குறியீட்டு அமைப்பை மாற்றினாலும் சரியாகாது. எழுத்துகள் பர்மியமாகவே தெரியும், ஆனால் உயிர்க்குறிகள் இடம் மாறி நிற்கும். அதை மாற்ற ஐசியு தொகுப்பில் உள்ள யூகான்வ் கருவியில் ஜோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் விதி இருக்கிறது. ஏற்கெனவே யூனிகோடில் உள்ள பெயரை அந்த விதி வழியாக விட்டால் கெட்டுவிடும், ஆகவே மொத்தமாக ஓட்டாமல் கண்ணால் பார்த்துப் பிரித்து ஓட்டுங்கள்.

குறியீடு சரியான பிறகும் தமிழ் கொஞ்சம் சிதறித்தான் தெரியும். இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நியாயம். டெர்மினல் என்பது கட்டம் கட்டமான திரை. ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை கட்டம் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லாம் நடக்கிறது. யூனிகோடு தமிழ்த் துணைக்குறிகள் சிலவற்றை இடம் எடுப்பவை என்றும் சிலவற்றை இடம் எடுக்காதவை என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. அதன்படி டெபியனின் சி லைப்ரரி 'கி'க்கு இரண்டு கட்டமும் 'கீ'க்கு ஒரு கட்டமும் கணக்கிடும். சீமஸ் தனக்கென்று சொந்தமாக அகலக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. டெர்மினல் வேறொன்று வைத்திருக்கும். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் வரியின் வால் அடுத்த பத்தியில் இடிக்கும், பழைய எழுத்தின் துண்டு அழியாமல் நிற்கும். கட்டுப்பாடு + எல் அடித்தால் திரை புதிதாக வரையப்பட்டு ஓரளவு தெளியும். எம்எல்டெர்ம், கான்சோல் போன்றவை தமிழை எழுத்துச் சேர்த்துக் காட்ட முயலும். எக்ஸ்டெர்ம் அவ்வளவு கவனிக்காது. எந்த டெர்மினல் ஆனாலும் இரண்டு அடிப்படைகள் சரியாக இருக்க வேண்டும்: கணினியின் மொழி அமைப்பைக் காட்டும் 'லோகேல்' கட்டளை யூடிஎஃப்-8 என்று காட்ட வேண்டும், சீமஸ் அகல எழுத்துகளை அறிந்த என்கர்சஸோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறி தெரிந்தால் முதலில் லோகேலைச் சந்தேகியுங்கள்.

கடைசியாக, விழும் பிளேயர். விழுந்ததும் டெர்மினலில் அடிப்பது தெரியாமல் போவதற்கு வைரஸோ வன்பொருளோ காரணம் இல்லை. இப்படிப்பட்ட நிரல் தொடங்கும்போது டெர்மினலின் இயல்பை மாற்றித் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும், ஒழுங்காக வெளியேறும்போது திருப்பிக் கொடுக்கும். நடுவில் விழுந்தால் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'ரீசெட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள், பழையபடி ஆகிவிடும்.

திரையை நிரல் பிடித்துக்கொள்வதால் இன்னொரு கேடும் வருகிறது: பிழைச் செய்திகள் திரையில் ஒரு கணம் சிதறி, அடுத்த வரைதலில் மறைந்துவிடும். டெர்மினல் நிரலில் பிழை தேடும்போது முதல் வேலை, செய்திகளைத் திரையிலிருந்து கோப்புக்குத் திருப்புவது. பிழை வெளியீட்டை, அதாவது 2 என்ற எண்ணுள்ள வெளியீட்டை, ஒரு கோப்புக்குத் திருப்பி சீமஸை ஓட்டுங்கள். அதைவிட நல்லது, எப்படியும் ஒரு தடவை மறுபடி கட்டப்போகிறீர்கள், அப்போது கன்ஃபிகருக்கு டீபக் மாறியை 2 என்று கொடுங்கள். பிறகு மேக் கிளீன், மேக், மேக் இன்ஸ்டால். அந்தக் கட்டுமானம் தான் செய்வதை எல்லாம் சீமஸ்-டீபக் என்ற உரைக்கோப்பில் எழுதிக்கொண்டே போகும். விழுந்ததும் அதன் கடைசி வரிகளைப் பாருங்கள்.

அடுத்தது கோர் கோப்பு. சீமஸை ஓட்டுமுன் அதே டெர்மினலில் 'யூலிமிட்' கட்டளைக்கு சிறிய சி ஆப்ஷனும் 'அன்லிமிடெட்' என்ற மதிப்பும் கொடுங்கள். விழும்போது நினைவகத்தின் நகல் கோர் என்ற பெயரில் அதே அடைவில் விழும். சிஸ்டம்டி கோர்டம்ப் போட்டிருந்தால் கோர்டம்ப்-சிடிஎல் வழியாக எடுக்கலாம். நிரல் பிழை தேடும் கருவியான ஜிடிபியில் சீமஸையும் கோரையும் திறந்து, எல்லா த்ரெட்களின் பேக்ட்ரேஸையும் கேளுங்கள். த்ரெட் என்பது நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளை; விழும்போது அது எந்தெந்தச் செயற்கூறு வழியாக வந்து நின்றது என்ற பட்டியல்தான் பேக்ட்ரேஸ். சி மொழி படிக்கத் தெரியாவிட்டாலும் இதிலிருந்து நிறைய எடுக்கலாம். சீமஸில் முக்கியமான த்ரெட்கள் நான்கு. மெயின் லூப் திரையையும் விசைப்பலகையையும் பார்க்கிறது. புரொடியூசர் லூப் கோப்பைப் பிரித்து ஒலியாக்கிப் பஃபரில் போடுகிறது. கன்ஸ்யூமர் லூப் பஃபரிலிருந்து எடுத்து ஒலிச் சாதனத்துக்குக் கொடுக்கிறது. வொர்க்கர் லூப் பின்னணியில் கோப்புகளைச் சேர்த்து அவற்றின் குறிப்புகளைப் படிக்கிறது. விழுந்த த்ரெட்டின் அடியில் இந்த நான்கில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அது பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

உங்கள் பிளேயர் பாடும்போது விழவில்லை, சேர்க்கும்போது விழுகிறது. அதனால் வொர்க்கர் லூப்பில் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். ஏதோ ஒரு பழுதான கோப்பின் குறிப்புகளைப் படிக்கும்போது லைப்ரரி தடுமாறியிருக்கலாம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது சரியானால் பேக்ட்ரேஸில் எந்தக் கோப்பைத் திறந்திருந்தது என்ற பெயரும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் டிஸ்கைப் பாதி பாதியாகப் பிரித்துச் சேருங்கள். விழும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 1,000 கோப்பு இருந்தாலும் பத்துத் தடவைக்குள் ஒற்றைக் கோப்புக்கு வந்துவிடலாம். அந்தக் கோப்பு ஃபிளாக் என்றால் ஃபிளாக் கருவியின் 'டெஸ்ட்' என்ற நீண்ட ஆப்ஷன் அது முழுதாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோப்பில் விழுகிறது என்றால் என் ஊகத்தைக் கைவிட்டு டிஸ்கைப் பாருங்கள். சீமஸ் ஓடும்போதே இன்னொரு டெர்மினலில், கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையை சூடோவோடு ஓட்டி உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்ற வரிகள் வருகின்றனவா என்று கவனியுங்கள். சேர்த்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்று வந்த டிஸ்கில் கோப்பமைப்பு கெட்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பழைய லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட், சுழலும் டிஸ்குக்கு வேண்டிய மின்சாரத்தை எப்போதும் கொடுப்பதும் இல்லை. விழாமல் உறைந்து நின்றால் 'பிஎஸ்' கட்டளையில் அதன் நிலையைப் பாருங்கள்: 'டிஸ்க்' என்பதன் முதல் எழுத்தான பெரிய டி என்று காட்டினால் அது டிஸ்கின் பதிலுக்குக் காத்திருக்கிறது, கொல்லவும் முடியாது, சீமஸ் நிரலில் தேடிப் பயனும் இல்லை. எஸ் என்று காட்டினால் ஜிடிபியை அந்தச் செயல் எண்ணோடு இணைத்துப் பாருங்கள். த்ரெட்கள் ஒன்றின் பூட்டுக்காக ஒன்று காத்து நிற்பது தெரியும். ஜிடிபியை எப்போதும் தனி டெர்மினலிலிருந்து இணையுங்கள், ஒரே டெர்மினலில் இரண்டும் இருந்தால் திரை குழம்பிவிடும்.

டிஸ்க் நன்றாக இருந்து, ஒரே கோப்பில் எப்போதும் விழுந்து, முந்தைய பதிப்பில் விழாமல் இருந்தால், அது சீமஸ் எழுதுபவர்களுக்கு உதவும் நல்ல கண்டுபிடிப்பு. எந்த மாற்றத்தில் அது நுழைந்தது என்று கிட் பைசெக்ட் சொல்லிவிடும். டேட்டா மிச்சம் பிடிக்க ஆழம் 1 என்று கொடுத்து சோர்ஸை இறக்கியிருந்தால் பழைய மாற்றங்கள் உங்களிடம் இருக்காது. 'கிட் ஃபெட்ச்' கட்டளைக்கு 'அன்ஷாலோ' கொடுத்து மீதியை இழுத்துக்கொள்ளுங்கள். சோர்ஸ் சின்னதுதான், உங்கள் லேப்டாப்பிலும் ஒவ்வொரு கட்டுமானமும் சீக்கிரம் முடிந்துவிடும்.

மின்தடை பற்றி ஒன்று. சீமஸ் நூலகத்தை நீங்கள் ஒழுங்காக வெளியேறும்போதுதான் எழுதுகிறது. பேட்டரி போன லேப்டாப்பில், டிஸ்க் முழுவதையும் சேர்த்து முடித்தவுடன் கரண்ட் போனால் சேர்த்தது எல்லாம் போகும். சேர்த்து முடித்ததும் சேவ் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் ப்ளகின்ஸ் வெளியீடு, பிறகு டெவ் பேக்கேஜ்கள், மேட்டுக்கு 'ஒய்', டீபக்குக்கு 2, ஒரே கட்டுமானம். எம்பி3 பட்டியலில் வந்ததும் சார்செட்டும் அப்டேட்-கேஷும். அதற்குப் பிறகும் விழுந்தால் ப்ளகின்ஸ் வெளியீடு, பேக்ட்ரேஸ், டிமெசேஜின் கடைசிப் பகுதி மூன்றையும் இங்கே ஒட்டுங்கள். எந்த த்ரெட் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.